ஃபைவ் நைன், திரும்பச் சொல்லுங்க

எங்கள் மொட்டை மாடியில் கம்பி ஏறிய அன்று தெருவிலிருந்து வந்த முதல் கேள்வி பக்கத்து வீட்டு அக்காவுடையது.

"என்னட்டி, கொடியா கட்டுத? இம்புட்டு ஒசரத்துல யாரு ஏறித் துணி காயப்போட?"

அப்பா ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தார். கம்பியைப் பற்றி அவருக்கும் நல்ல அபிப்பிராயம் கிடையாது. ஆனால் மகள் ஏணியில் நிற்கும்போது அதைச் சொல்ல முடியாது. "அது ரேடியோவுக்காம்மா" என்று மட்டும் சொன்னார். அந்த அக்கா விடவில்லை. "ரேடியோவுக்கா? எங்க வீட்டு ரேடியோ கம்பி இல்லாமலே பாடுதே" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அவளுடைய ரேடியோ பாடும், கேட்காது. என்னுடையது கேட்கவும் செய்யும், பேசவும் செய்யும். ஹாம் ரேடியோ என்பார்கள். அதற்குத்தான் பரீட்சை எழுதினேன், உரிமத்துக்கு மாதக்கணக்கில் காத்திருந்தேன். விசாரிக்க வந்த காவலர், "வயர்லெஸ் செட்டா? வீட்டுல இருந்துக்கிட்டு யாருகூடம்மா பேசப்போற?" என்று கேட்டார். "யார் பதில் சொல்றாங்களோ அவங்க கூட சார்" என்றேன். அவர் அப்பாவைப் பார்த்தார். அப்பா சுவரைப் பார்த்தார். அம்மா காபியைக் கொண்டுவந்து காப்பாற்றினாள்.

எலக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு, சென்னையில் கொஞ்ச நாள் வேலை பார்த்துவிட்டு, அதே வேலையை வீட்டிலிருந்து பார்க்கலாம் என்று ஆனதும் சங்கரன்கோவிலுக்குத் திரும்பியிருந்தேன். வேலை மதியத்துக்கு மேல்தான். காலை முழுக்க சும்மா. சும்மா இருக்க எனக்கு வராது.

செட் தபாலில் வந்தது. செட் என்றால் முழு செட் இல்லை. பாகங்கள் பொருத்திய ஒரு பலகை மட்டும். டப்பா, மைக், ஒலிபெருக்கி, மின்சாரம் எல்லாம் நாமே தேடிக்கொள்ள வேண்டும். அம்மாவின் பழைய பிஸ்கட் டின்னில் துளை போட்டு அதற்குள் பலகையை உட்கார வைத்தேன். வீட்டு இன்வெர்ட்டரின் பழைய பேட்டரி மின்சாரத்துக்கு. மாடியில் நடுவில் ஒரு ஜி.ஐ. பைப், அதன் தலையிலிருந்து இரண்டு பக்கமும் சரிந்து இறங்கும் கம்பி, ஒரு முனை தண்ணீர்த் தொட்டியில், இன்னொரு முனை படிக்கட்டுக் கைப்பிடியில். கம்பியின் நீளம் சரியாக இல்லையென்றால் அனுப்பிய சக்தியில் பாதி நம்மிடமே திரும்பி வரும். மீட்டரைப் பார்ப்பது, மாடிக்கு ஓடுவது, ஒரு சாண் நறுக்குவது, கீழே ஓடுவது. ஒரு நாள் முழுக்க இதே வேலை. "அந்தக் கம்பி முழுசும் நறுக்கி முடிஞ்சப்புறம் சாப்பிட வருவியா?" என்று அம்மா கேட்டாள்.

கம்பி சரியான பிறகு வேறொரு தொல்லை தெரிந்தது. எங்கள் தெருவில் மூன்றாவது வீட்டுக்கு மேல் வரிசையாக விசைத்தறிகள். காதுக்குப் பழகிப்போன சத்தம், பிறந்ததிலிருந்து கேட்பது. ஆனால் அந்த மோட்டார்கள் ரேடியோவுக்குள்ளும் ஓடும் என்று எனக்குத் தெரியாது. செட்டைப் போட்டால் ஓவென்று இரைச்சல். தறி நின்றால்தான் வானம் திறக்கும். ஆகவே எனக்கு விடியற்காலையும், மாதத்தில் ஒரு நாள் பராமரிப்புக்காகக் கரண்ட் நிறுத்துவார்களே, அந்த நாளும்தான் திருநாள். ஊரே மின்வாரியத்தைத் திட்டிக்கொண்டு வாசலில் விசிறியோடு உட்கார்ந்திருக்கும். நான் மட்டும் பேட்டரியில் செட்டைப் போட்டு, இலங்கை தெரிகிறதா, ஆந்திரா தெரிகிறதா என்று திருகிக்கொண்டிருப்பேன். "கரண்டு போனதுக்குச் சிரிக்கிற ஒரே ஆளு இந்த ஊர்ல நீதான்" என்று அப்பா சொல்லுவார்.

விடியற்காலையில் எங்கள் தென்மாவட்டக்காரர்கள் ஒரே அலைவரிசையில் கூடுவார்கள். அதற்கு நெட் என்று பெயர். ஒருவர் தலைவர், நாகர்கோவில் பக்கம், கல்லூரியில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். அவர் ஒவ்வொரு ஊராகக் கூப்பிடுவார். கூப்பிட்ட ஊர் ஆஜர் சொல்லும், வானிலை சொல்லும், மற்றவர் குரல் எப்படிக் கேட்கிறது என்று இரண்டு எண்ணில் ரிப்போர்ட் சொல்லும். முதல் எண், பேசுவது எவ்வளவு புரிகிறது, ஐந்துதான் உச்சம். இரண்டாவது, எவ்வளவு பலமாக வருகிறது, ஒன்பது உச்சம். புரிந்தது, ஆனால் மெலிசாக வந்தது என்றால் ஐந்து-நான்கு. பலமாக வந்தது, ஆனால் ஒரு மண்ணும் விளங்கவில்லை என்றால் இரண்டு-ஒன்பது. பரீட்சைக்கு நான் இதை மனப்பாடம் செய்திருந்தேன்.

நெட்டில் வேறு எண்ணே கிடையாது. எல்லாருக்கும் ஃபைவ் நைன். முதல் வாரம் பேசாமல் கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தேன். தூத்துக்குடியில் ஐஸ் கம்பெனி வைத்திருக்கும் ஓர் அண்ணாச்சி, வாய் ஓயாதவர், மலைப்பக்கத்தில் செட் வைத்திருக்கும் ஒரு ஸ்டேஷன்காரரிடம் சொன்னார்: "ஃபைவ் நைன், ஃபைவ் நைன், அருமையாக் கேக்கு. என்ன சொன்னீரு? திரும்பச் சொல்லும் வே."

வாய்விட்டுச் சிரித்தேன். அறைக்கு வெளியே அம்மா, "தனியா உக்காந்து சிரிக்கா" என்று அப்பாவிடம் சொன்னது கேட்டது.

பிறகு ஒரு நாள் நானே மைக்கை அமுக்கினேன். சங்கரன்கோவில் என்றேன். ஒரு நொடி வெறும் இரைச்சல். அப்புறம் தலைவரின் குரல், தெளிவாக, என் பிஸ்கட் டின்னுக்குள்ளிருந்து:

"சங்கரன்கோவில், வாங்கம்மா, வாங்க! பெண் குரல் கேட்டு எவ்வளவு காலமாச்சு நம்ம நெட்டுல. ஃபைவ் நைன் மோளே, ஃபைவ் நைன்."

மற்றவர்களைப் பற்றிச் சிரித்தவள், எனக்கு வந்ததும் அதை நம்பினேன். எனக்குக் கொடுத்த எண் உண்மை என்றுதான் நினைத்தேன். அப்படித்தான் ஆசை வேலை செய்கிறது.

எதற்கு இத்தனை ஆசை என்று கேட்டால், மழைக்காலம். எங்கள் பக்கத்தில் மழை சரியாகப் பெய்தால் முதலில் சாவது மின்சாரம், அடுத்து செல்போன் டவர். அந்த நேரத்துக்கு என்று நெட்டில் ஓர் ஏற்பாடு உண்டு: மலையடியில் ஒரு ஸ்டேஷன், கடற்கரையில் ஒரு ஸ்டேஷன், இரண்டுக்கும் நடுவில் கரிசல் காட்டில் ஒரு ஸ்டேஷன். மலைக்கும் கடலுக்கும் நேராகக் கேட்காத நாளில் நடுவில் இருப்பவர் செய்தியை வாங்கி அந்தப் பக்கம் தள்ளிவிட வேண்டும். நடு ஸ்டேஷனுக்கு ஆள் இல்லை. தலைவர் ஒரு காலையில் சொன்னார்: "சங்கரன்கோவில் இருக்கே. நல்ல இடமில்லா அது. பாப்பா, நீ கொஞ்சம் பவர் மட்டும் கூட்டிட்டேன்னா இந்த மழைக்கு நடு ஸ்டேஷன் நீதான், கேட்டியா?"

கேட்டேன். அன்று முழுக்க அதுவேதான் கேட்டது. கம்பெனி மீட்டிங்கில் யாரோ என்னைக் கூப்பிட்டதுகூடக் காதில் விழவில்லை. படித்த படிப்புக்கு முதன்முதலாக என் ஊரில், என் வீட்டு மாடியில், யாருக்கோ உதவுகிற ஒரு வேலை. சென்னையில் நான் செய்தது யாருடைய திரையிலோ ஒரு சிவப்புப் புள்ளியைப் பச்சையாக்குவது மட்டும்.

செட்டை மாற்ற ஆரம்பித்தேன். செட்டின் கடைசியில் நின்று கம்பிக்குச் சக்தியைத் தள்ளுகிற டிரான்சிஸ்டருக்குப் பன்னிரண்டு வோல்ட்டுக்குப் பதில் இருபத்துநான்கு கொடுக்கலாம் என்று செட் செய்தவர்களே சொல்லியிருந்தார்கள். அப்பாவின் கடை டிரைவரிடமிருந்து ஒரு பழைய லாரி பேட்டரி கிடைத்தது, இன்வெர்ட்டர் பேட்டரியோடு அதைத் தொடராகக் கட்டினேன். (மாட்டுத் தீவனக் கடை, பேட்டரியில் இன்றும் புண்ணாக்கு வாசம் வரும்.) டிரான்சிஸ்டர் சுடும் என்பதால் முதுகில் அலுமினியத் தட்டு, அதன்மேல் கம்ப்யூட்டர் மின்விசிறி. அதோடு நின்றிருக்கலாம். மைக்கிலிருந்து வரும் குரலையும் தூக்கலாமே என்று அங்கே ஒரு கெபாசிட்டரை மாற்றி, ஒரு மின்தடையைக் குறைத்தேன். மீட்டர் முள் முன்பு பாதி போனது, இப்போது ஒவ்வொரு வார்த்தைக்கும் எகிறிப் போய் அந்தக் கோடியில் இடித்தது. முள் இடிப்பதைப் பார்க்க எவ்வளவு சந்தோஷம்!

மறுநாள் நெட்டில் கேட்டேன். "பவர் கூட்டியிருக்கேன் அண்ணாச்சி. ஆடியோ எப்படி இருக்கு? உள்ளத உள்ளபடி சொல்லுங்க."

தூத்துக்குடி அண்ணாச்சிதான் பதில் சொன்னார். "உங்க ஊரு பிரியாணி மாதிரி இருக்கு தங்கச்சி. நாலு தெரு தள்ளி நின்னாலும் மணக்குது. ஃபைவ் நைன், ஃபைவ் நைன்."

அலைவரிசையில் பல குரல்கள் ஒரே நேரத்தில் சிரித்தன. நானும் சிரித்தேன். ஊர்ப் பிரியாணியைப் புகழ்ந்தால் சங்கரன்கோவில்காரிக்குப் பெருமை வராமலா இருக்கும்.

அதற்குப் பிறகு தினமும் ஆஜர். தினமும் ஃபைவ் நைன். பேசி முடித்ததும் ஒரு சின்ன மௌனம் வரும். அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

மழைக்கு முன் திருநெல்வேலியில் ஓர் ஓட்டல் மாடியில் கூட்டம் போட்டார்கள். குரலாக மட்டும் தெரிந்தவர்களை முகமாகப் பார்க்கிற நாள். நான் புதுச் சுடிதார் போட்டுக்கொண்டு போனேன். தலைவர் நான் நினைத்ததைவிடக் குள்ளம். தூத்துக்குடி அண்ணாச்சி நான் நினைத்த மாதிரியே வயிறு. எல்லாரும் "நம்ம பாப்பா வந்தாச்சு" என்று எழுந்து நாற்காலி கொடுத்தார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு தலைவர் மழைக்கால ஏற்பாட்டை வாயால் சொன்னார். மலையடி இன்னார். கடற்கரை, தூத்துக்குடி. "நடுவுல, புளியங்குடி."

வாய் தவறிவிட்டது என்று நினைத்தேன். புளியங்குடிக்காரர் மூலையில் இருந்தார். எலுமிச்சை மொத்த வியாபாரி; வெளிநாட்டு செட் ஒன்றைப் புதிதாக வாங்கியிருந்தவர். புளியங்குடி நடுவும் இல்லை, மலையடிக்குப் பக்கம்.

"சார், நடுவுல சங்கரன்கோவில்னு சொல்லியிருந்தீங்க" என்றேன்.

"அது வந்து மோளே, பாத்துக்கிடலாம். உனக்கு வேற நல்ல வேலை வச்சிருக்கேன். வருஷக் கடைசியில சர்டிபிகேட் எழுதணும். உன் கையெழுத்து நல்லா இருக்கும்லா?"

"என் கையெழுத்த நீங்க பாத்ததே இல்லையே சார்."

தூத்துக்குடி அண்ணாச்சிக்குப் பொறுக்கவில்லை. "எதுக்கு வே சுத்தி வளைக்கீரு? சொல்லிருமே." என் பக்கம் திரும்பினார். "தங்கச்சி, தப்பா நெனைக்காத. நீ மைக்க அமுக்குனா நாங்க அத்தன பேரும் வாயப் பொத்திக்கிட்டு உக்காரணும். உன் சிக்னல் ஒரு எடத்துல நிக்கல பாத்துக்க. இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடி வரைக்கும் செதறுது. என்ன பேசுதன்னும் வெளங்கல."

"எப்ப இருந்து?"

"நீ பவர் கூட்டுனியே, அன்னையில இருந்து."

எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை. கணக்கு வந்தது. எத்தனை காலை ஆஜர் சொன்னேன், எத்தனை பேர் ரிப்போர்ட் கொடுத்தார்கள், அத்தனையும்.

"ஃபைவ் நைன்னு சொன்னீங்களே அண்ணாச்சி. உள்ளபடி சொல்லுங்கன்னு கேட்டேன். பிரியாணி மாதிரின்னு சொன்னீங்க."

"அது சொல்லுததுதானம்மா! எல்லாருக்கும் அதத்தான சொல்லுதோம். ஒரு வீட்டுக்குப் போனா குழம்புல உப்பு இல்லன்னா சொல்லுவோம்?"

தலைவர் குரலை இறக்கினார். நெட்டில் பேசுவதைவிட மென்மையாக. "நீ பொம்பளப் பிள்ள. ஆசையா வந்திருக்க. மனசு நோகக் கூடாதுன்னு எல்லாரும் சேர்ந்து நினைச்சோம். வேற ஒண்ணுமில்ல மோளே."

எல்லாரும் சேர்ந்து. அப்படியென்றால் என்னைத் தவிர எல்லாரும் என்னைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள். எந்த அலைவரிசையில் என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை. புளியங்குடிக்காரர் மட்டும் நல்ல மனுஷன் போல, "நான் கேக்கல தங்கச்சி. அவாளாத்தான் எம் பேரப் போட்டாவ" என்றார்.

பஸ்ஸில் வரும்போது ஜன்னலோரம் கிடைத்தது. மானூர் தாண்டுவதற்குள் எனக்குக் கோளாறு எங்கே என்று தெரிந்துவிட்டது. குரலை அளவுக்கு மேல் பெருக்கிக் கொடுத்தால் அது தன் இடத்தில் அடங்காது. பக்கத்து இடங்களில் எல்லாம் சிதறும். இரண்டாம் வருஷப் பாடம். முள் கோடியில் இடித்ததே, அதுதான் அடையாளம். ஒரே ஒருவர், ஒரே ஒரு காலை, "ரெண்டு-ஒன்பதும்மா, மைக்கக் கொற" என்று சொல்லியிருந்தால் அன்று சாயங்காலத்துக்குள் கழற்றிப் போட்டிருப்பேன். நான் நொந்திருக்க மாட்டேனா? நொந்திருப்பேன். ஒரு வேளை சோறு இறங்காமல் இருந்திருக்கும். அதைக் காப்பாற்றுவதற்கு அவர்கள் என் இடத்தை எடுத்துக்கொண்டார்கள்.

இப்போது எனக்கு ஒரு காது வேண்டியிருந்தது. செட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு ரேடியோவை வைத்துக் கேட்டுப் பயனில்லை. அவ்வளவு பக்கத்தில் நல்ல சிக்னல்கூட நெரிசலாகத்தான் கேட்கும். தள்ளிப் போய் யாராவது கேட்க வேண்டும். யாரைக் கேட்பது? நெட்காரர்களைக் கேட்டால் பதில் தெரிந்ததுதான்.

அப்பா தீவன விஷயமாகப் பனவடலிசத்திரம் போகிற நாள் பார்த்து, என் சின்ன கை ரேடியோவை ஸ்கூட்டர் பெட்டியில் வைத்தேன். "எதையும் திருகாதீங்கப்பா. நான் சொல்லும்போது இந்த ஒரு சக்கரத்த மட்டும் நகத்துங்க. என்ன கேக்குதோ அத அப்படியே போன்ல சொல்லுங்க."

"எனக்கு என்ன தெரியும்?"

"ஒண்ணும் தெரியாததுனாலதான் கேக்குதேன்."

ஊர் எல்லையில் வண்டியை நிறுத்திவிட்டுக் கூப்பிட்டார். நான் போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு மைக்கில் பேசினேன். ஒன்று, இரண்டு, மூன்று. சங்கரன்கோவில், சங்கரன்கோவில்.

போனில், அப்பாவுக்குப் பக்கத்தில் யாரோ ஆடு மேய்க்கிறவர் கேட்பது கேட்டது: "என்ன அண்ணாச்சி, மேட்ச்சா ஓடுது?"

"இல்ல வே. எம் மவ பேசுதா."

"இதுவா? தகரத்த அறுக்க மாதிரில்லா இருக்கு."

"ஏ, சும்மா இரும்" என்றார் அப்பா. அப்புறம் என்னிடம்: "அவன் சொல்லுததுதான் மக்கா. ஒண்ணும் வெளங்கல. குடத்துக்குள்ள தலைய விட்டுக்கிட்டு கத்துத மாதிரி இருக்கு."

"சக்கரத்தக் கொஞ்சம் நகத்துங்க."

"நகத்திட்டேன். இங்கனயும் நீதான் இருக்க."

"இன்னுங் கொஞ்சம்."

"அங்கனயும் நீதான். எங்க திருகுனாலும் நீதான்ட்டி. ஊரு பூராவும் நீதான் இருக்க."

மைக்கைக் கீழே வைத்தேன். இந்த ஊரில் என் குரலைப் பற்றி முதன்முதலாகக் கிடைத்த உண்மையான ரிப்போர்ட் அதுதான். அப்பாவுக்கு நெட்டின் வழக்கம் தெரியாது. அதனால் உண்மையைச் சொன்னார்.

கெபாசிட்டரைக் கழற்றினேன். மின்தடையைப் பழையபடி வைத்தேன். டிரான்சிஸ்டருக்கு இருபத்துநான்கு வோல்ட் இருக்கட்டும் என்று விட்டு, சும்மா இருக்கும்போது அதில் ஓடும் மின்னோட்டத்தைப் புதிதாகச் சரி செய்தேன். முதல் நாளே செய்திருக்க வேண்டிய வேலை. முள் இப்போது பாதியைத் தாண்டி அமைதியாக நின்றது. பார்க்கச் சந்தோஷமாக இல்லை. அப்பா அடுத்த தடவை பனவடலிசத்திரம் போனபோது மறுபடி பேசினேன்.

"இப்ப நீ பேசுத மாதிரியே இருக்கு" என்றார். கொஞ்சம் பொறுத்து, "கோவமா இருக்கும்போது பேசுத மாதிரி" என்றார்.

"சக்கரத்த நகத்துங்க."

"நகத்துனா நீ இல்ல. போயிட்ட."

அப்படித்தான் இருக்க வேண்டும்.

மறுநாள் காலை நெட்டில் ஆஜர் சொன்னேன். எதையும் விளக்கவில்லை, குரலே சொல்லட்டும் என்று இருந்தேன். தலைவர் சொன்னார்: "சங்கரன்கோவில், ஃபைவ் நைன் மோளே, எப்பவும் போல."

எப்பவும் போல. கெட்டுக் கிடந்தபோதும் அதே எண், சரியானபோதும் அதே எண். இப்போது என் குரல் நன்றாகக் கேட்கிறதா என்று அவர்களிடமிருந்து தெரிந்துகொள்ள வழியே இல்லை. தூத்துக்குடி அண்ணாச்சியிடம் நேராகக் கேட்டேன், இப்போது பரவாயில்லையா என்று. "இப்ப சூப்பர் தங்கச்சி" என்றார். அவர் அன்றைக்கும் இப்படித்தான் புகழ்ந்தார்.

இடத்தைத் திரும்பக் கேட்டேன். தலைவர், "இந்த மழை போகட்டும். புளியங்குடிக்காரர்ட்ட சொல்லியாச்சு. இப்ப மாத்துனா அவரு மனசு நோகும்லா" என்றார். நெட்டில் எல்லாருக்கும் மனசு இருக்கிறது.

மழைக்கு முன் ஓர் ஒத்திகை வைத்தார்கள். நான் கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தேன். நடுவில் கரகரவென்று ஏதோ சிதறி எல்லார்மேலும் விழுந்தது. தலைவர் உடனே, "சங்கரன்கோவில், பாப்பா, கொஞ்சம் பவரக் குறைம்மா" என்றார். என் மைக் மேஜைமேல் கிடந்தது. கையில்கூட எடுக்கவில்லை. எதுவும் பேசாமலேயே நான் கெட்டவளாகியிருந்தேன்.

அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். அதே நோய். புளியங்குடிக்காரர் புது செட்டில் குரலைத் தூக்குகிற குமிழைக் கடைசிவரை திருகியிருந்தார். அவர் வெகுளியாக, "எனக்கு எப்படி இருக்கு ரிப்போர்ட்டு?" என்று கேட்டார். மலையடி ஃபைவ் நைன் என்றது. தூத்துக்குடி ஃபைவ் நைன் என்றது. என் முறை வந்தது.

"புளியங்குடி, உங்களுக்கு மூணு-ஒன்பது. பலமா வாரீங்க, ஆனா பக்கத்துல எல்லாம் செதறுது. அந்தக் கம்ப்ரஸர் குமிழ பாதிக்குக் கொறச்சா சரியாப் போயிரும்."

இரைச்சல் மட்டும் ஓடியது. தெருவில் முதல் தறி ஆரம்பித்துவிட்டதோ என்று நினைத்தேன்.

"என்னம்மா இது" என்றார் புளியங்குடிக்காரர். உண்மையிலேயே நொந்துபோயிருந்தார். "அத்தன பேருக்கும் ஃபைவ் நைனு. உனக்கு மட்டும் என்ன? உன் செட்ட ஒருக்கப் பாரு தங்கச்சி. வீட்டுலயே செஞ்ச செட்டுல்லா."

"சரி, சரி" என்றார் தலைவர். "அடுத்த ஸ்டேஷன்."

அன்றிலிருந்து யாரும் என்னிடம் ரிப்போர்ட் கேட்பதில்லை. என் முறை வந்தால் தலைவரே முந்திக்கொண்டு, "சங்கரன்கோவில், ஆஜர் மட்டும் போதும்மா" என்கிறார்.

மழை வந்தது. பெரிய மழை இல்லை. மலைப்பக்கம் மட்டும் பிடித்துப் பெய்தது. எங்கள் ஊரில் கரண்ட் போனது, தறிகள் நின்றன, என் ரேடியோவில் வானம் திறந்தது. மலையடி ஸ்டேஷன் செய்தி சொன்னார். எனக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது: ஓடைப் பாலத்தின்மேல் தண்ணீர் போகிறது, அந்தப் பக்கம் பஸ்ஸை விட வேண்டாம். புளியங்குடி அதை வாங்கிக் கடற்கரைக்குத் திருப்பிச் சொன்னது. கரகரவென்று ஒரு மூட்டை சரளைக் கல்லைக் கொட்டியதுபோல.

"ஃபைவ் நைன்" என்றார் தூத்துக்குடி அண்ணாச்சி. "என்ன சொன்னீரு? திரும்பச் சொல்லும்."

புளியங்குடி திரும்பச் சொன்னது.

"ஃபைவ் நைன், ஃபைவ் நைன். பாலமா, பாலா? திரும்பச் சொல்லும் வே."

நான் மைக்கை அமுக்கினேன். "சங்கரன்கோவில். செய்தி என்கிட்ட முழுசா இருக்கு. சொல்லட்டுமா?"

"ஸ்டேண்ட் பை, மோளே" என்றார் தலைவர். பொறுத்திரு என்று அர்த்தம். பொறுத்திருந்தேன். புளியங்குடி மூன்றாவது தடவை சொன்னது. தூத்துக்குடி மூன்றாவது தடவை பாராட்டிவிட்டு மூன்றாவது தடவை கேட்டது. கடைசியில் தலைவரே சொன்னார்: "டவர் இருக்குல்லா? ஒரு போனப் போட்டுருங்க."

போன் போட்டார்கள். அப்புறம் ஒருவருக்கொருவர் நன்றி சொன்னார்கள். ஏற்பாடு நன்றாக வேலை செய்தது என்று தலைவர் பாராட்டினார். எல்லாருக்கும் ஃபைவ் நைன்.

அப்பா கதவருகே அரிக்கேன் விளக்குபோல டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றாரோ.

"போன்லதான் பேசிக்கிட்டாவளா?" என்றார்.

"ஆமாப்பா."

"உனக்குக் கேட்டுதா, அந்த ஆளு சொன்னது?"

"நல்லாக் கேட்டுது."

"நீ சொன்னது அவாளுக்குக் கேட்டுதா?"

செட்டின் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மைக் இன்னும் என் கையில்தான் இருந்தது.

"கேட்டுதுப்பா" என்றேன். "கேக்குததுல ஒரு கொறையும் இல்ல."